எட்டாவது கட்டத்தில் இல்லாதவன்

ஆங்கிலத்து ‘ஓ’ எழுத்தைத் தகட்டில் வெட்டும்போது சுற்றிலும் ஒரேயடியாக வெட்டிவிடக் கூடாது. வெட்டினால் நடுவட்டம் கழன்று விழுந்துவிடும். மிஞ்சுவது பெரிய ஓட்டைதான். மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம் வெட்டாமல் விட்டு, அந்த நடுவட்டத்தைப் பிடித்துவைக்க வேண்டும். பதினான்கு வயதில் ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் நான் கற்றுக்கொண்ட முதல் பாடம் இதுதான். தோல் பதனிடும் இடத்தை எங்கள் பக்கத்தில் ஷாப்பு என்றுதான் சொல்வார்கள். பதனிட்டு உலர்ந்த தோல்களை அடுக்கி, கோணியில் வைத்துக் கட்டி, ரயிலேற்றுவதற்கு முன்னால் கட்டின்மேல் தகட்டை வைத்துக் கறுப்பு மை அடித்து மார்க்குப் போட வேண்டும். எழுத்து தப்பினால் கட்டு வேறு எங்கோ போய்விடும். ஒன்றைப் பத்துத் தடவை பார்க்கிற ஆள்தான் அந்த வேலைக்கு லாயக்கு. நான் இருபது தடவை பார்ப்பேன்.

அப்பா அதே ஷாப்பில், தோலை ஊறவைக்கிற சுண்ணாம்புக் குழியில் வேலை செய்தவர். கைவிரலெல்லாம் வெந்துபோய் இனிமேல் குழியில் இறங்க முடியாது என்றானபோது நான் எட்டாவதைப் பாதியில் விட்டுவிட்டு வேலைக்குப் போனேன். அதற்குப் பிறகு அவர் மூன்று வருஷம் இருந்தார். அவர் போனபின் வீட்டில் அம்மா, நான், என்னைவிட நான்கு வயது சின்னவளான தங்கை. அம்மாவும் தங்கையும் பீடி சுற்றினார்கள்.

தகடு வெட்டி வெட்டி எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. சும்மா கரித்துண்டால் சுவரில் எதையாவது கிறுக்கினாலும், கோட்டை முழுசாக மூட மாட்டேன். நிலா வரைந்தால் நிலாவில் ஓர் இடைவெளி. குடம் வரைந்தால் குடத்தின் வாயில் ஓர் இடைவெளி. எங்கே மூடிவிட்டால் நடுவில் இருப்பது விழுந்துவிடுமோ என்ற பயம். காகிதத்தில் எதுவும் விழாது என்று எனக்குத் தெரியும். கைக்குத் தெரியவில்லை.

உயர்நிலைப் பள்ளியில் புதிதாகச் சேர்ந்த தமிழாசிரியர் ஒருநாள் ஷாப்புக்கு வந்தார். பள்ளிக்கூடப் பெஞ்சுகளில் எண் போடத் தகடு வேண்டுமாம். கலவைப் பக்கத்துக்காரர். எனக்கு அப்போது இருபத்தொன்பது வயது; என்னைவிட இரண்டு வயதுதான் பெரியவர். ஆனாலும் எல்லாரும் அவரைத் தமிழய்யா என்றார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். தகடு வெட்டி முடியும்வரை காத்திருந்தவர், கோணி அடுக்கியிருந்த பக்கத்துச் சுவரில் நான் கரியால் போட்டு வைத்திருந்த படங்களைப் பார்த்துக்கொண்டே நின்றார். மேஸ்திரியின் தாடி, வண்டிமாடு, பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டும் பொம்பளைகள், இப்படி ஏதேதோ.

அவருக்கு ஒரு குறை இருந்தது. வகுப்பில் அவர் பழைய அகப்பாட்டு நடத்தும்போது பையன்கள் பாடப்புத்தகத்துக்குள் படக்கதைப் புத்தகத்தை மறைத்து வைத்துப் படிக்கிறார்களாம். ஒருவனிடமிருந்து பிடுங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். அன்று சாயந்திரம் உட்கார்ந்தவர், கடைசிப் பக்கம்வரை படித்துவிட்டுத்தான் எழுந்தாராம். அதை என்னிடம் சொல்லும்போது அவர் முகத்தில் கோபம் இல்லை, பொறாமைதான் இருந்தது. வேலூரில் ஒரு சின்ன அச்சகம் மாணவர்களுக்காக மாதப் பத்திரிகை ஒன்று நடத்திவந்தது. அதில் மாதம் ஒரு பக்கம் அவருக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அந்தப் பக்கத்தில் பழம்பாட்டைப் படக்கதையாகப் போட்டால் என்ன என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது.

“நான் பாட்டச் சொல்றேன். நீ படம் போடு” என்றார்.

பாட்டு புரியவில்லை என்றால் என்ன செய்வது, தப்பாகப் போட்டுவிட்டால் அவருடைய வேலைக்கு ஏதாவது ஆகுமா, முதலாளி பார்த்தால் ஷாப்பு மையை வீட்டுக்குக் கொண்டுபோகிறான் என்று நினைப்பாரா, இப்படி ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவர் எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். மையைத் தானே வாங்கித் தருவதாகவும் சொன்னார். அதற்குப் பிறகு கேட்க ஒன்றும் மிச்சமில்லாததால் சரி என்றேன்.

ஷாப்புக்கு வெள்ளிக்கிழமை லீவு, பள்ளிக்கூடத்துக்கு ஞாயிற்றுக்கிழமை. முழுநாள் சேர்ந்து உட்காரவே எங்களுக்கு வாய்க்கவில்லை. வேலை விட்டு நான் போகிற நேரமும் அவர் பள்ளி விட்டு வருகிற நேரமும் ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் கூடும். அங்கே பெஞ்சில் வைத்துத்தான் அவர் முதல் பாட்டைப் படித்துக் காட்டினார். ஒன்பதே வரி. தினைக்கொல்லையில் கிளி ஓட்டப் போன பெண். அங்கே வந்து பழகியவன் ஒருத்தன். தினை அறுத்தாகிவிட்டது, இனி அவளுக்குக் கொல்லையில் வேலை இல்லை, வீட்டோடு இருக்க வேண்டியதுதான். அறுத்த தினைத் தாளில் ஒன்றும் இல்லை என்று தெரியாமல் கிளிகள் இன்னும் வந்து பார்த்துவிட்டுப் போகின்றன. அவனும் அப்படி வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவானோ என்று தோழியிடம் கேட்கிறாள். ஊர் அதற்குள் பேச ஆரம்பித்துவிட்டது. அவ்வளவுதான் பாட்டு.

“அவ பேரு இன்னா?” என்று கேட்டேன். படத்துக்கு மேல் எழுத வேண்டுமே.

பேர் கிடையாது என்றார். இந்த வகைப் பாட்டில் யாருக்கும் பேர் சொல்லக் கூடாதாம், அதுதான் அந்தக் காலத்து விதி. தலைவி, தலைவன், தோழி, அவ்வளவே. பேர் சொல்லிவிட்டால் அது ஒருத்தியின் சங்கதி ஆகிவிடும். சொல்லாமல் விட்டால்தான் யார் வேண்டுமானாலும் அவளாக இருக்கலாம். எனக்கு இது பிடித்திருந்தது. பிடித்த கையோடு கவலையும் வந்தது.

“பேர் வேணாம், சரிங்க. மொகத்துக்கு இன்னா பண்றது? படத்துல மொகம் இல்லாம எப்படிப் போடறது?”

தமிழய்யா டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்தார். “அத விதி எழுதினவங்க சொல்லலியே” என்றார்.

ஒன்பது வரியை எட்டுக் கட்டமாகப் பிரித்தோம். தினைக்கொல்லையும் பரணும் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஒரு வெள்ளிக்கிழமை பஸ் ஏறி ஒடுகத்தூருக்குப் போய், மலையடியில் நடந்து பார்த்தேன். எங்கே பார்த்தாலும் வேர்க்கடலை. ஆனால் காட்டுப்பன்றிக்குக் காவல் இருக்க நாலு கழி நட்டு மேலே ஓலை போட்ட பரண் ஒன்று இருந்தது. அதைப் பென்சிலால் குறித்துக்கொண்டேன். கொல்லைக்காரர் சந்தேகப்பட்டு, சர்வே ஆளா என்று கேட்டார். இல்லை, படம் போடுகிறேன் என்றேன். அவர் சந்தேகம் ஜாஸ்தியானதே தவிர குறையவில்லை.

பாட்டில் ஒன்றுமே நடக்கவில்லை என்பதுதான் பெரிய பேஜார். பையன்கள் படித்த படக்கதைகளில் கட்டத்துக்குக் கட்டம் யாராவது குதிப்பார்கள், சுடுவார்கள். இங்கே ஒரு பெண் நிற்கிறாள், கிளி வருகிறது, போகிறது. பலூன் என்று சொல்வார்களே, வாயிலிருந்து வால் நீட்டிக்கொண்டு வரும் வட்டம், அதில் பாட்டின் வரியையே போட வேண்டும் என்று அவர் சொன்னார். பையன்கள் ஓடிவிடுவார்கள் என்று நான் சொன்னேன். இரண்டு நாள் இதையே பேசினோம். பாட்டு முழுதும் பக்கத்தின் அடியில் இருக்கட்டும், பலூனில் மட்டும் வீட்டில் பேசுகிற மாதிரி நாலு வார்த்தை என்று முடிவாயிற்று.

நான் வீட்டு வாசற்படி அருகில் உட்கார்ந்து வரைவேன். வெளிச்சம் அங்கேதான் வரும். தங்கையும் அதே வெளிச்சத்தில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றுவாள். பென்சிலில் போட்டு, அதன்மேல் மையிட்டு, மை காய்ந்ததும் பென்சில் கோட்டை அழிக்க வேண்டும். ரப்பரால் அழித்தால் மை இழுத்துக்கொண்டது. ரொட்டியை உள்ளங்கையில் உருட்டித் தேய்த்தால் சுத்தமாகப் போகும் என்று போர்டு எழுதுகிற ஒருவர் சொன்னார். அந்த வேலையைத் தங்கை எடுத்துக்கொண்டாள். இலை வெட்டி வெட்டிப் பழகிய கை அவளுக்கு, அழுத்தம் தெரியும்.

அவள் நாலாவதோடு நின்றவள். ஆனால் படத்தைப் பார்த்து எது சரியில்லை என்று சொல்லத் தெரியும். கிளி கோழிமாதிரி இருக்கிறது என்றாள், திருத்தினேன். ஊர் பேசுகிறது என்று வருகிற நாலாவது கட்டத்தில் நான் நாலு வாய் மட்டும் போட்டிருந்தேன். “வாய் மட்டும் இன்னாத்துக்கு? கொழாயடிக்குப் போய்ப் பாரு” என்றாள். போய்ப் பார்த்து, எங்கள் தெருக் குழாயடியில் குடத்தோடு நிற்கிற மூன்று பேரை அப்படியே போட்டேன்.

ஆறாவது கட்டம் தலைவியின் முகம் மட்டும். பெரிசாக. அதை நான் ஒரே மூச்சில் போட்டேன். இருபது தடவை பார்க்கவில்லை. இன்றைக்கும் அது எனக்கு ஆச்சரியம்.

எட்டாவது கட்டத்தில்தான் எனக்கும் தமிழய்யாவுக்கும் தகராறு வந்தது. அறுத்த கொல்லை ஓரத்தில் அவள் நிற்கிறாள், எதிரே ஒற்றையடிப் பாதை. கடைசிக் கட்டத்திலாவது அவன் வரவேண்டாமா? பாதை முடிவில் அவன் வருவதாகப் பென்சிலில் போட்டு வைத்தேன். ஷாப்பில் என்னோடு கட்டுக் கட்டுகிற ஆள் ஒருத்தன், இரண்டு தெரு தள்ளி வீடு, நல்ல தோள். அவனைப் பார்த்துத்தான் போட்டேன். எனக்கு வேறு யாருடைய தோளும் தெரியாது. தமிழய்யா பார்த்ததும் தலையை ஆட்டினார்.

“இவன் வரக் கூடாது” என்றார். “வந்துட்டா பாட்டே இல்ல.”

வராவிட்டால் படக்கதையே இல்லை, பையன்கள் அவன் எங்கே என்று கேட்பார்கள் என்றேன். கேட்கட்டும் என்றார். அவள் பேசுவது மட்டும்தான் பாட்டு, அவன் அதில் எங்கேயும் இல்லை, இல்லாததுதான் வலி, அதை நாம் போட்டு நிரப்பிவிட்டால் அவள் எதற்கு ஒன்பது வரி பேச வேண்டும் என்று கேட்டார். எனக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் அவர் விடாமல் பேசியதைப் பார்த்து விட்டுக்கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து தங்கையிடம் அவனை அழிக்கச் சொன்னேன். நான் பயந்து பயந்து வரைகிறவன், பென்சிலை ரொம்ப அழுத்திவிடுவேன். அவள் ரொட்டியைத் தேய்த்தாள், தேய்த்தாள். “நெஞ்ச நிமித்திக்கினு நிக்கறான், போவ மாட்டேன்றான்” என்றாள். ஒரு முழு ரொட்டி அவனுக்கே ஆயிற்று.

பத்திரிகை ஆனி மாதத்தில் வந்தது. அப்போது வீட்டில் தங்கையின் கல்யாணப் பேச்சு முக்கால்வாசி முடிந்திருந்தது. குடியாத்தத்தில் தறி வைத்து லுங்கி நெய்கிற குடும்பம். நாங்களும் நெசவுக்காரர்கள்தான், தாத்தா காலத்திலேயே தறியை விட்டு ஆம்பூருக்கு வந்துவிட்டவர்கள். பெண் பார்த்தாகிவிட்டது, இரண்டு பக்கமும் பிடித்துவிட்டது. பூ வைப்பது மட்டும்தான் பாக்கி. மாப்பிள்ளையின் அம்மா வந்து பெண் தலையில் பூ வைத்துவிட்டால் பேச்சு முடிந்தது, அதற்குப் பிறகு யாரும் பின்வாங்க மாட்டார்கள். ஆனி முடிவதற்குள் வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

குழாயடியில்தான் ஆரம்பித்தது. தெருவில் யாருடைய பிள்ளையோ பத்திரிகையைக் கொண்டுவந்து காட்ட, நாலாவது கட்டத்தில் குடத்தோடு நிற்பது தாங்கள்தான் என்று அந்த மூன்று பேரும் கண்டுகொண்டார்கள். மூக்குத்தி, முதுகுக் கூன், இடுப்பில் கை வைக்கிற விதம், எல்லாம் அப்படியே இருந்தன. பொல்லாங்கு பேசுகிறவர்களாகத் தங்களைப் போட்டுவிட்டானே என்று கோபம். கோபத்தோடு மற்றக் கட்டங்களையும் பார்த்தார்கள். அப்படிப் பார்க்கும்போது ஆறாவது கட்டம் கண்ணில் பட்டது.

அம்மா தண்ணீர் பிடிக்கப் போனபோது அதில் ஒருத்தி சொன்னாளாம்: “எங்கள இன்னா வேணா போடட்டும் உம் புள்ள. தங்கச்சியவே போட்டிருக்கான், எவனுக்கோ காத்துனு நிக்கற மாதிரி.”

அம்மா பாதிக் குடத்தோடு திரும்பி வந்து, பத்திரிகையைக் கொண்டா என்றாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆறாவது கட்டத்தில் விரலை வைத்தாள். தலைவியின் இடது புருவத்தின் நடுவில் ஓர் இடைவெளி இருந்தது.

தங்கைக்கு ஐந்து வயதில் கிணற்றுக் கல்லில் விழுந்து இடது புருவம் பிளந்தது. ஆறியபின் அந்த இடத்தில் மயிர் முளைக்கவில்லை. இருபது வருஷமாக அந்தப் புருவத்தை எதிரில் வைத்துக்கொண்டு வாழ்ந்தவன் நான். ஆனால் வரையும்போது அதை நினைக்கவில்லை என்று சத்தியம் செய்வேன். தகட்டுப் பழக்கம், கோட்டை மூடாமல் விட்டேன், அவ்வளவுதான். அதே பக்கத்தில் நிலாவிலும் இடைவெளி, கிளி இறக்கையிலும் இடைவெளி. அம்மாவிடம் எல்லாவற்றையும் காட்டினேன். அம்மா கேட்டுக்கொண்டாள். பிறகு, “வலது புருவத்த மட்டும் ஏன் மூடின?” என்றாள்.

நான் பத்திரிகையை மடித்து வைத்தேன்.

நாலு நாளில் குடியாத்தத்திலிருந்து ஆள் மூலம் சேதி வந்தது. ஆனியில் வர முடியவில்லை, ஆடி கழியட்டும், ஆவணியில் பார்க்கலாம் என்று. அவ்வளவுதான் சேதி. ஆனால் கொண்டுவந்தவர் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பும்போது, பத்திரிகை அங்கேயும் போயிருக்கிறது, மாப்பிள்ளையின் சித்தப்பா அதைக் கையில் வைத்துக்கொண்டு, படத்தில் காத்துக்கொண்டு நின்றால் நிஜத்திலும் ஒருத்தன் இருப்பான் என்று தறிக்குத் தறி சொல்லிக்கொண்டிருக்கிறார் என்றார்.

அந்த ஆடி மாதத்தை நான் எப்படிக் கழித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். போட்ட மார்க்கை இருபது தடவைக்குப் பதில் நாற்பது தடவை பார்த்தேன். எட்டாவது கட்டத்தையே திரும்பத் திரும்ப நினைத்தேன். தமிழய்யா மட்டும் அன்று பிடிவாதம் பிடிக்காமல் இருந்திருந்தால் அவனும் அச்சில் வந்திருப்பான். இரண்டு தெரு தள்ளி இருக்கிறவன் தோளோடும் முகத்தோடும். இரண்டு வீட்டை ஒரே பக்கத்தில் கெடுத்திருப்பேன்.

தமிழய்யாவிடம் போய், இனி என்னால் முடியாது என்றேன். அடுத்த மாதத்துக்கு ஒரு பாட்டு ஒப்புக்கொண்டிருந்தார், அதே தலைவிதான். அவர் என்னைத் திட்டவில்லை. அச்சகத்தில் என்ன சொல்வது என்று அவர் கவலைப்படுவது தெரிந்தது, ஆனால் அதை வாயால் சொல்லவில்லை. “பேர் வைக்கக் கூடாதுன்னு அவங்க சொன்னதுக்கு அர்த்தம் இப்பத்தான் புரியுதுப்பா” என்றார். தானே குடியாத்தம் போய் விளக்கிச் சொல்லட்டுமா என்றும் கேட்டார். தமிழாசிரியர் போய்த் தலைவி தலைவன் என்று ஆரம்பித்தால் இருக்கிற கொஞ்சமும் கெட்டுவிடும் என்று தடுத்துவிட்டேன்.

பிறகு எனக்கே ஒரு யோசனை வந்தது. அடுத்த பாட்டில் தலைவிக்கு வேறு முகம் போட்டுவிடுவது. உருண்டை முகம், இரண்டு புருவமும் முழுசாக. அது வந்துவிட்டால், பாருங்கள், யாரோ ஒருத்தி என்று சொல்லிக்கொள்ளலாம். ஒரு வெள்ளிக்கிழமை உட்கார்ந்து அந்த முகத்தைப் போட்டேன். தங்கை பீடி சுற்றிக்கொண்டே எட்டிப் பார்த்தாள். இத்தனை நாளும் அவள் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

“யாருண்ணா இது?”

“தலைவி.”

“போன மாசம் வேற மாதிரி இருந்தாளே.”

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். “இப்ப மொகத்த மாத்தினா, தப்புன்னு நாமளே ஒத்துக்கினதா ஆயிடும். அவ இன்னா தப்பு பண்ணா? நின்னா. அவ்ளோதானே” என்றாள். இந்த உருண்டை முகம் தனக்குப் பிடிக்கவில்லை, சோற்றுக் குண்டான் மாதிரி இருக்கிறது என்றும் சொன்னாள். சொல்லிவிட்டு ரொட்டியை எடுத்து, என்னைக் கேட்காமலே, அந்த முகத்தை அழித்துவிட்டாள்.

ஆடி இதழிலும் அதே முகம்தான் வந்தது. புருவத்தில் அதே இடைவெளியோடு. அம்மா என்னோடு ஒரு வாரம் பேசவில்லை.

ஆவணி பிறந்து, முதலில் சேதி ஒன்றும் இல்லை. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, சொல்லிக்கொள்ளாமல், மாப்பிள்ளையின் அம்மாவும் மாப்பிள்ளையும் மட்டும் வந்து இறங்கினார்கள். அவர் உயரமான பொம்பளை; தறியில் உட்கார்ந்து உட்கார்ந்து தோள் அகன்றிருந்தது. கையில் ஒரு துணிப்பை. அதை இறக்கி வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டார். பையின் வாயில் பத்திரிகையின் மூலை நீட்டிக்கொண்டிருந்தது.

இந்த நாளுக்காக நான் ஏற்பாடு செய்து வைத்திருந்தேன். ஷாப்பிலிருந்து பழைய தகடுகள் நாலைந்தைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்திருந்தேன். ‘ஓ’, ‘பி’, ‘டி’. இவற்றைக் காட்டி, நடுவில் ஏன் வெட்டாமல் விடுகிறோம் என்று சொல்லி, பிறகு நிலாவைக் காட்டி, குடத்தைக் காட்டி, கடைசியாகப் புருவத்துக்கு வரவேண்டும் என்று மனதுக்குள் ஐம்பது தடவை சொல்லிப் பார்த்திருந்தேன். வலது புருவத்தை ஏன் மூடினாய் என்று கேட்டால் மட்டும் பதில் இல்லை. அதைக் கேட்காமல் இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. காபி கொண்டுவந்த தங்கையிடம் பத்திரிகையை எடுத்து விரித்து, “இது நீயாம்மா?” என்றார்.

நான் துணி மூட்டையைப் பிரிக்க ஆரம்பித்தேன். அதற்குள் தங்கை சொல்லிவிட்டாள்.

“ஆமாங்க, நான்தான். எங்க அண்ணனுக்கு வேற மொகம் தெரியாது.”

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். மாப்பிள்ளை மட்டும் குனிந்தபடி சிரிப்பை அடக்கியதைப் பார்த்தேன். அவன் அம்மா சிரிக்கவில்லை. கையால் போட்ட அசல் இருக்கிறதாமே, அதைக் காட்டு என்றார்.

அச்சகத்தில் வேலை முடிந்ததும் அசல் தாளைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அதை நான் பெட்டியின் அடியில் வைத்திருந்தேன். இல்லை என்று சொல்லிவிடலாமா என்று நினைப்பதற்குள் தங்கை எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

நெசவுக்காரர்கள் துணியை எப்படிப் பார்ப்பார்கள் என்பதை நான் மறந்திருந்தேன். எங்கள் வீட்டில் தறி போய் இரண்டு தலைமுறை ஆகிவிட்டதே. அவர் தாளைக் கண்ணுக்கு நேராக வைக்கவில்லை. வாசற்படிப் பக்கம் திரும்பி, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி சாய்த்துப் பிடித்தார். இழை அறுந்த இடமும் முடிச்சுப் போட்ட இடமும் அப்படிப் பிடித்தால்தான் தெரியும். ஒவ்வொரு கட்டமாக வந்தார். எட்டாவது கட்டத்தில் நின்றுவிட்டார். விரல் நுனியால் அந்த ஒற்றையடிப் பாதையைத் தடவினார்.

“இங்க இன்னாமோ இருந்து அழிச்சிருக்கே.”

பென்சில் போய்விடும். அழுத்தின தடம் போகாது. சின்ன வயசிலிருந்து எத்தனையோ விஷயத்துக்குப் பயந்திருக்கிறேன். ஒன்றும் நான் பயந்த மாதிரி நடந்ததில்லை. இது மட்டும் அப்படியே நடந்துகொண்டிருந்தது.

“ஒருத்தனப் போட்டிருந்தேங்க” என்றேன். “பாட்டுல அவன் வரல. வாத்தியாரு வேணாம்னு சொன்னாரு. அதனால எடுத்துட்டோம்.”

“வரவே இல்லியா?”

“இல்லீங்க. அவ மட்டும்தான் பேசறா. கடைசிவரிக்கும் வரல.”

அவர் தாளை இன்னும் கொஞ்சம் சாய்த்தார். முகம் ஏதாவது தெரிகிறதா என்று பார்க்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. தோளின் வளைவு மட்டும் ஒரு நிழல்போல இருந்திருக்கும்; மூக்கும் கண்ணும் இருந்த இடம் வழவழவென்று ஆகியிருந்தது.

“யாரு அழிச்சது?”

“நான்தாங்க” என்றாள் தங்கை. “ரொட்டியால.”

அவர் தாளை மடியில் வைத்தார். பிறகு மகனிடம் திரும்பினார்.

“எட்டுப் படத்துலயும் தேடினேன்டா. அவன் எங்கியுமே இல்ல. இல்லாதவனப் பத்தித்தான் உங்க சித்தப்பன் ரெண்டு மாசமா ஊரெல்லாம் பேசினு கெடக்கறாரு.” என் தங்கையைப் பார்த்து, “வரலன்னா அழிச்சிட வேண்டியதுதாம்மா” என்றார்.

துணிப்பையில் பத்திரிகைக்குக் கீழே வாழையிலையில் சுற்றிய பூ இருந்தது. காலையில் பஸ் ஏறும்போதே அதை வாங்கி வைத்திருந்திருக்கிறார். அதை எடுத்து, தங்கையைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, தலையில் வைத்தார். வைக்கும்போது இடது புருவத்தைக் கட்டை விரலால் ஒரு தடவை தடவிவிட்டார், சற்று முன் தாளைத் தடவின மாதிரி.

கிளம்பும்போதுதான் என் மடியில் இருந்த தகடுகள் அவர் கண்ணில் பட்டன. இது இன்னாத்துக்குத் தம்பி என்று கேட்டார். சும்மாதான் என்றேன். மாப்பிள்ளை வாசல்வரை போனவன் திரும்பி வந்து, அந்த அசல் தாளைக் கல்யாணத்துக்குப் பிறகு தன்னிடம் கொடுத்துவிட முடியுமா என்று கேட்டான். அதுதான் அவன் என்னிடம் பேசின முதல் வார்த்தை.

மறுநாள் டீக்கடையில் தமிழய்யாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தலைவன் வராமல் இருந்ததுதான் காப்பாற்றிற்று என்று கேட்டதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கு என் டீயையும் அவரே எடுத்துக் குடித்துவிட்டார், கவனிக்காமல். நாங்கள் அந்தப் பத்திரிகை நின்றுபோகும்வரை இன்னும் பதினோரு பாட்டுப் போட்டோம். பையன்கள் பாடப்புத்தகத்துக்குள் மறைத்து வைத்துப் படித்தார்களா என்று கேட்டால், இரண்டு பேர் படித்ததாக அவர் சொன்னார். அந்த இரண்டு பேரையும் அவர் பிடிக்கவே இல்லையாம்.

அந்தத் தாள் இப்போது குடியாத்தத்தில் தங்கை வீட்டில், தறி இருந்த கூடத்தில், கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறது. போகும்போதெல்லாம் நான் பக்கவாட்டில் நின்று எட்டாவது கட்டத்தைப் பார்ப்பேன். கண்ணாடி இருப்பதால் ஒன்றும் தெரியாது. தெரியாது என்று தெரிந்துகொண்டே பார்ப்பேன். போன தடவை தங்கை அதைப் பார்த்துவிட்டாள்.

“இன்னும் அவன் போய்ட்டானான்னு பாத்துனு இருக்கியா?” என்றாள். “நான் நல்லாத்தான்ணா அழிச்சேன். ஒரு ரொட்டி முழுக்க அவனுக்கே ஆச்சு, மறந்துட்டியா?”